மகேந்திரராஜாவின் இருபத்தேழு ஆண்டு ஆட்சி

கார்ல்ஸ்ரூஹேக்குப் புதிதாக வரும் தமிழர் யாராக இருந்தாலும், மகேந்திரராஜா அண்ணை அவர்களை முதலில் கூட்டிப்போவது அரண்மனைக் கோபுரத்துக்குத்தான். மூச்சு வாங்க மேலே ஏறியதும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். கோபுரத்திலிருந்து முப்பத்திரண்டு பாதைகள் புறப்பட்டு, ஒரு பக்கம் காட்டுக்குள்ளும் மறுபக்கம் நகருக்குள்ளும் ஓடுகின்றன.

"பாருங்கோ, அந்தத் தெருக்களில எதில நிண்டு நிமிர்ந்தாலும் இந்தக் கோபுரம் தெரியும். ஒரு மனுசன்ர தலைக்குள்ள இருந்த நகரம் இது. ஆரிட்டயும் கேக்கேல்லை, கீறினார், கட்டினார்."

அந்த மனிதர் 1715இல் இந்த நகரத்துக்குக் அடிக்கல் நாட்டிய பாடன் சிற்றரசர். குடியேற வந்தவர்களுக்கு நிலம் கொடுத்தார், மரம் கொடுத்தார், அவரவர் மதப்படி கும்பிட விட்டார். ஆள்வது மட்டும் தன்பாடு என்று வைத்துக்கொண்டார். சந்தைச் சதுக்கத்தில் அவர் புதைக்கப்பட்டிருக்கும் பிரமிட்டின் முன்னால் அண்ணையின் சுற்றுலா முடிந்துவிடும். அதற்குப் பிறகு இந்த நாட்டில் அரசியலமைப்பு வந்தது, பாராளுமன்றம் வந்தது, 1918இல் கடைசி அரசர் அரண்மனையை விட்டே போனார். இதையெல்லாம் அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஒருமுறை வாய்விட்டே கேட்டேன்.

"அதுக்குப் பிறகு சுவாரசியமில்லை, புஷ்பா" என்றார்.

எங்கள் தமிழ்ப் பள்ளிச் சங்கத்துக்கு அவர் இருபத்தேழு ஆண்டுகள் தலைவர். நான் அதில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை, ஜெர்மன் மொழியில் கடிதம் எழுதுவதால் செயலாளரும்கூட.

அவர் பதவியைப் பறித்து எடுத்தார் என்று சொன்னால் அது பொய். வடமராட்சியிலிருந்து அகதியாக வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு டிராம் பணிமனையில் முப்பத்தொரு வருடம் பிரேக் பழுதுபார்த்தவர். 1996க்கு முன் இங்கே மூன்று முறை தமிழ்ப் பள்ளி தொடங்கி மூன்று முறையும் உடைந்தது. ஒருமுறை எந்தத் தேவாரத்தோடு தொடங்குவது என்ற சண்டை. இன்னொருமுறை யாருடைய பிள்ளை முதலில் மேடையேறுவது என்ற சண்டை. கடைசியில் எல்லோருக்கும் சலித்துப்போய், யாராவது ஒருவர் எடுத்து நடத்தினால் போதும் என்றார்கள். முப்பது வருட மதச் சண்டைக்குப் பிறகு ஐரோப்பாவும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. அரசர்கள் வாளால் பிடித்த அதிகாரம் பாதி என்றால், களைத்துப்போன சனம் தானாகக் கொடுத்தது மறுபாதி என்பது என் எண்ணம்.

அண்ணை வாங்கியதை வீணாக்கவில்லை. மாநகர அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுத்து, மணிக்கணக்கில் காத்திருந்து, சனிக்கிழமைகளில் ஒரு பாடசாலையின் ஆறு அறைகளைப் பெற்றுத் தந்தார். அறைகளைப் பூட்டித் திறக்கும் திறப்பு அவர் சட்டைப்பையில்தான் இருக்கும். பாடப் புத்தகமா, விளையாட்டுப் போட்டியா, பொங்கலுக்கு எத்தனை கிலோ அரிசியா, எல்லாம் அவரைக் கேட்டுத்தான். என் விசா சிக்கலில் என்னோடு நான்கு முறை வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு வந்தவரும் அவரே. அதை நான் மறக்கவில்லை.

எதிர்த்துப் பேசக்கூடியவர்களை அவர் எப்படிச் சமாளித்தார் என்பதைச் சொன்னால்தான் ஆள் விளங்கும். எங்கள் விழாக்களில் முதலில் மங்கல விளக்கு ஏற்றுவது வழக்கம். குத்துவிளக்குக்கு ஐந்து திரி, ஆகவே ஐந்து பேர். அந்த ஐந்து பேர் யார், எந்த ஒழுங்கில் என்பது விழா அன்று காலைவரை அண்ணைக்கு மட்டும்தான் தெரியும். கூட்டத்தில் குரல் உயர்த்தியவருக்கு இரண்டு வருடம் திரி கிடைக்காது. வாயைப் பொத்தியிருந்தவர் மூன்றாம் திரிக்கு அழைக்கப்படுவார், வீட்டில் படம் மாட்டுவார். வெர்சாய் அரண்மனையில் பிரெஞ்சு மன்னர், பெரிய பெரிய பிரபுக்களை விடியற்காலையில் தன் சட்டையை எடுத்துக் கொடுக்கும் பெருமைக்கு அடிபட வைத்தாராம். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, நான் இரண்டாம் திரி ஏற்றிய படம் எங்கள் வரவேற்பறையில் இருப்பது நினைவுக்கு வந்து சிரிப்பு நின்றது.

தேர்தல் நடக்கவே இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பொதுக்கூட்டம் நடந்ததாக அண்ணையே குறிப்பு எழுதி, சங்கங்களைப் பதியும் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையின் தொடக்கத்தில் ஒரு மேசை போட்டு, அதில் கையெழுத்துத் தாளை வைப்பார். ஒரு கையில் தட்டும் மறுகையில் பேனாவுமாகச் சனம் போட்டுவிட்டுப் போகும். அப்படித்தான் பழகியிருந்தோம்.

போன வருடம் பதிவு நீதிமன்றம் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பியது. கையெழுத்திட்டவர்களில் மூவர் ஆறு வயதுக்காரர்கள். வரிசையில் நின்றார்கள், பேனா கைக்கு வந்தது, எழுதிப் பழகிய ஆசையில் பெயரையும் வயதையும் எழுதிவிட்டார்கள். சங்கத்தின் விதிகளைத் திருத்தி, உண்மையான பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றி அனுப்ப வேண்டும் என்றது கடிதம். ஈஸ்டருக்குள் செய்யாவிட்டால் சங்கத்தின் பதிவு போய், அதோடு மாநகரம் தந்த ஆறு அறைகளும் போய்விடும்.

பிரான்சிலும் நூற்றெழுபத்தைந்து வருடம் கூட்டாத சபையை, மன்னர் தன் தேவை ஒன்றுக்காகக் கூட்டினார். கூடியவர்கள் அந்த ஒன்றோடு வீட்டுக்குப் போகவில்லை.

அழைப்பிதழ் எழுதும் வேலை எனக்கு வந்தது. அன்று சுலோஜனா தொலைபேசியில் அழைத்தாள். அவள் எங்கள் பள்ளியின் முதல் பதினொரு பிள்ளைகளில் ஒருத்தி. இப்போது மருத்துவமனையில் தாதி, அவளுடைய மகள் என் வகுப்பில் படிக்கிறாள்.

"அக்கா, தேர்தலையும் நிகழ்ச்சி நிரலில போடுங்கோ. போடாட்டி அண்டைக்கு அதைப் பற்றிக் கதைக்கவே ஏலாது, அதுதான் சட்டம்."

நான் போட்டேன். நான்காவது விடயம், நிர்வாகத் தேர்வு. அண்ணை பணிமனைப் பழக்கத்தில் நின்றபடியே கையெழுத்திட்டார்.

"எல்லாம் சரியோ, புஷ்பா?"

"ஓம் அண்ணை. சட்டப்படி என்னென்ன வேணுமோ எல்லாம் போட்டிருக்கு."

பொய் இல்லை. ஆனால் அவர் வாசிக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன். இன்றைக்கும் அது எனக்கு வெட்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அறுபத்துமூன்று பேர் வந்தார்கள். விதித் திருத்தம் கால்மணி நேரத்தில் நிறைவேறியது. அண்ணை எழுந்து நன்றி சொல்லத் தொடங்கினார். சுலோஜனா கை உயர்த்தினாள்.

"அண்ணை, நாலாவது விடயம் இருக்கு."

அவர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் குனிந்து பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

"சரி, நடத்துவம். ஆனா என்னோட ஆர் போட்டி போடப்போகினம்?" என்றார். கேலியாகத்தான் கேட்டார். இருபத்தேழு வருடமாக அந்தக் கேள்விக்குப் பதில் இருந்ததில்லை.

"நான்" என்றாள் சுலோஜனா.

துண்டுத் தாள்களில் எழுதி, சப்பாத்துப் பெட்டியில் போட்டோம். எண்ணியது நான். சுலோஜனாவுக்கு முப்பத்தெட்டு, அண்ணைக்கு இருபத்துமூன்று, இரண்டு வெறுந்தாள். அதில் ஒரு வெறுந்தாள் என்னுடையது. அந்த அளவுக்குத்தான் எனக்குத் துணிவு இருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. திறப்பை மேசையில் வைத்துவிட்டு, மேலங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வெளியே போனார். கோடை முழுக்க, எல்லாரும் போகும் ஊன்ட்றொப் கோயில் தேர்த் திருவிழாவுக்குக்கூட வரவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லை என்றும், வேறு சங்கம் தொடங்கப்போகிறார் என்றும் சனம் வாய்க்கு வந்ததைப் பேசியது. நான் இரண்டு முறை அழைத்தேன், எடுக்கவில்லை.

ஒக்டோபரில் அடுத்த பொதுக்கூட்டம். சுலோஜனா புதிய ஒழுங்கு ஒன்று கொண்டுவந்திருந்தாள். பேச விரும்புகிறவர் கை உயர்த்த வேண்டும், முறை வந்ததும் எழுந்து, குறிப்புக்காக முதலில் பெயரைச் சொல்ல வேண்டும். கூட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் கதவு திறந்தது. அண்ணை வந்து பின்வரிசையில் ஒரு பிள்ளைக் கதிரையில் உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. சிறிது நேரத்தில் கை உயர்த்தினார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உங்களுக்கு முன்னால ரெண்டு பேர் இருக்கினம், அண்ணை" என்றாள் சுலோஜனா. அவர் தலையசைத்துக் கையை இறக்கினார். அந்த இரண்டு பேரும் பேருந்து நிறுத்தத்தைப் பற்றி வளவளவென்று பேசினார்கள். அவர் காத்திருந்தார். பிறகு முறை வந்தது, எழுந்தார்.

"பேர் சொல்லத் தேவையில்லை அண்ணை, எல்லாருக்கும் தெரியும்தானே."

"இல்லைப் பிள்ளை, எல்லாரும் சொல்லுகினம். நானும் சொல்லுறன்." தொண்டையைச் செருமினார். "மகேந்திரராஜா. உறுப்பினர்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதிக்கொண்டேன்.

சின்னப் பிள்ளைகளின் அறையில் யன்னல் ஒன்று பூட்டுதில்லை, மாரி வருமுன் அலுவலகத்துக்கு எழுதவேண்டும் என்பதுதான் அவர் கேட்டது. சுலோஜனா அதை வாக்குக்கு விட்டாள். கைகள் உயர்ந்தன, அவரும் உயர்த்தினார். நான் முன்வரிசையிலிருந்து எண்ணிக்கொண்டு போய், கடைசியில் அவரிடம் வந்து, அவரை ஒன்றாக எண்ணினேன்.