வெள்ளிக்கிழமை வந்த மீன்காரர்

போன செவ்வாய்க்கிழமை வவுனியாவுக்குப் போயிருந்தேன். கண் காட்டுவதற்கு. கரும்பலகையில் நானே எழுதியதை என்னாலேயே வாசிக்க முடியாமல் போய், பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வாத்தியாருக்கு இதைவிட வேறு என்ன அறிவித்தல் வேண்டும்?

கண் டொக்டர் இளம் ஆள். கதைக்கப் பிரியம். சோதனை எல்லாம் முடிந்த பிறகு ஒரு வெள்ளைக் கடதாசியை எடுத்தார். இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, நாலு விரல் தள்ளி வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி.

"இடக்கண்ணைப் பொத்துங்கோ மாஸ்டர். வலக்கண்ணாலை கூட்டல் குறியை மட்டும் பாருங்கோ. கடதாசியை மெல்ல மெல்லக் கிட்டக் கொண்டு வாங்கோ."

கொண்டு வந்தேன். ஓரிடத்தில் புள்ளியைக் காணவில்லை!

"புள்ளி இருந்த இடத்திலை இப்ப என்ன தெரியுது?"

"வெள்ளைக் கடதாசி."

"அதைக் கண் காணேல்லை. எல்லாற்றை கண்ணிலையும் அந்தளவு இடம் குருடு. சுத்திவர வெள்ளைதானே எண்டு மூளை அதிலையும் வெள்ளை பூசிவிடுது. பூசினனான் எண்டு எங்களுக்குச் சொல்லவும் மாட்டுது."

வேடிக்கைக்குத்தான் காட்டினார். நானும் சிரித்தேன். ஆனால் ரயில் மாங்குளத்துக்கு வந்து சேருமுன் சிரிப்பு போய்விட்டது... ஒரு மனிதரின் முகம் வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டது.

வாராவாரம் பத்திரிகையில் எழுதுகிற இந்தப் பத்தியில் எத்தனையோ பேரைக் கேலி செய்திருக்கிறேன். இந்த வாரம் என் முறை.

ஆறு வருடங்களுக்கு முன் நடந்தது. மாங்குளத்துக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் குடியேற்றத்தில் எல்லாரும் யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். குளம், வயல், குளக்கட்டில் ஒரு பிள்ளையார். அந்தப் பிள்ளையாருக்கு ஊர் சேர்ந்து ஒரு வெண்கல மணி வாங்கி மாட்டியிருந்தது. காட்டுக்கு நடுவில் அந்தச் சத்தம் கேட்டால்தான் எங்களுக்கு இது ஊர் என்றே தோன்றும்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் பூசைக்குப் போனால் மணியைக் காணவில்லை. காலைப் பூசைக்கு இருந்தது. இப்போது கொழுக்கி மட்டும் தொங்குகிறது.

யார் எடுத்தது? கூட்டம் நின்று குழம்பிக்கொண்டிருந்தபோது ஒருவர் சொன்னார் — "உந்த மீன்காரனைக் காலமை குளக்கட்டிலை கண்டனான்."

மீன்காரர் என்றால் சந்தியாப்பிள்ளை. முல்லைத்தீவுக் கரையிலிருந்து சைக்கிளில் மீன்பெட்டி கட்டி, ஹோர்ன் அடித்துக்கொண்டு வருகிறவர். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். எங்கள் ஊருக்குள் வந்துபோகிற ஒரே வெளியாள்.

அவ்வளவுதான். "ஓம், நானும் கண்டனான்" என்றார் இன்னொருவர். "ஹோர்ன் அடிக்காமல் போனவன்" என்றார் மூன்றாமவர். "பெட்டிக்கு மேலை சாக்குக் கிடந்தது" என்றார் நாலாமவர். ஒவ்வொரு வாயிலும் பெட்டியின் பாரம் கூடிக்கொண்டே போனது.

கிராமத்துக்குப் பொறுப்பான விதானையார் என்னிடம் திரும்பினார். "மாஸ்டர், நீங்களும் கண்டனீங்களோ?"

நான் பொய் சொல்லவில்லை. தயவுசெய்து இதை நம்புங்கள். அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் தெரிந்தது — அவர் உடுத்திருந்த நீலக்கோடு போட்ட சாரம், ஈரம் வடிகிற பெட்டி, என்னைக் கண்டும் காணாததுபோல் திருப்பிய முகம். சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளையாருக்கு முன்னாலேயே செய்திருப்பேன்.

"ஓம், கண்டனான்."

"மாஸ்டரே கண்டிருக்கிறார். இனி என்ன கதை?" என்றார் விதானையார்.

மறுநாள் காலை சந்தியாப்பிள்ளை வழக்கம்போல ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தார். களவெடுத்தவன் அடுத்தநாளே வருவானா என்று யாராவது யோசித்தோமா? இல்லை. "என்ன துணிவு பார்!" என்றோம். இழுத்து விழுத்தி அடித்தார்கள். மீனெல்லாம் மண்ணில். சைக்கிள் குளத்துக்குள். வலது மணிக்கட்டை யாரோ மண்வெட்டிப் பிடியால் அடித்தபோது கேட்ட சத்தத்தை இங்கே எழுதமாட்டேன்.

"நான் நேற்று வரேல்லை ஐயா" என்று கத்தினார்.

"மாஸ்டரும் கண்டவரடா!" என்றது கூட்டம்.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கை வைக்கவில்லை. அப்போது அது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

பொலிஸில் பிடித்துக் கொடுத்தோம். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். அவர் வீட்டில் மணி இல்லை. இன்றுவரை எங்கும் கிடைக்கவில்லை. அவர் பிறகு எங்கள் பக்கம் வரவேயில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். மத்தியானம் சாப்பிட இருந்தேன். பூசணிக்காய்க் கறி. "மீன்காரனும் வாறதில்லை, இனி உதுதான்" என்று முணுமுணுத்தேன்.

மனைவி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தா. "இண்டைக்கு வெள்ளிக்கிழமையப்பா. வெள்ளிக்கிழமையிலை அந்தாள் எப்ப வந்தது?"

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது.

எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஒரு வீட்டிலும் மீன்சட்டி அடுப்பில் ஏறாது. அது தெரிந்து சந்தியாப்பிள்ளை ஐந்து வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமையும் வந்ததில்லை. மணி காணாமல் போனதும் வெள்ளிக்கிழமை. காலையில் வீடு மெழுகி, முழுகி, மரக்கறி சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்கு வந்த நாங்கள் எல்லாரும் — ஈரம் வடிகிற மீன்பெட்டியை அன்று கண்டதாகச் சொன்னோம். ஒருவருக்குமே கிழமை ஞாபகம் வரவில்லை.

நான் கண்டது வியாழக்கிழமை. அல்லது புதன். வேதக்காரன், வெளியாள், மீன் விற்கிறவன்... மனதில் சுற்றிவர இருந்த நிறத்தை எடுத்து மூளை அந்த வெற்றிடத்தில் பூசிவிட்டது. பூசியதாக எனக்குச் சொல்லவில்லை.

விதானையாரிடம் ஓடினேன். "முடிஞ்ச கதையை ஏன் மாஸ்டர் கிளறுறியள்?" என்றார். நானும் கிளறவில்லை. ஆறு வருடம். இதற்கு மூளையைக் குற்றம் சொல்ல முடியாது — இது முழுக்க முழுக்க என் கோழைத்தனம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறினேன். விசாரித்துப் போனபோது அவர் வீட்டு வாசலில் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். இடக்கையால். வலது கை மணிக்கட்டில் கோணலாகப் பொருந்தி, மடியில் சும்மா கிடந்தது. அந்தக் கையால் சைக்கிள் பிடிக்கவோ வலை இழுக்கவோ ஏலாதாம். மற்றவர்களின் வலையைப் பொத்திக் கொடுத்துச் சீவிக்கிறார்.

"வாங்கோ மாஸ்டர், இருங்கோ" என்று கதிரையைக் காட்டினார். எனக்கு இருக்க மனம் வரவில்லை. நின்றபடியே சொன்னேன் — நான் கண்டது பிழை, அன்று வெள்ளிக்கிழமை, நீங்கள் வரவேயில்லை.

அவர் அடுத்த கிழிசலில் ஊசியைக் கோத்தார்.

"வெள்ளிக்கிழமை எண்டு அண்டைக்கே ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது — அவரிடமே குற்றம் கேட்கிறேன்!

"சொல்லத்தான் வெளிக்கிட்டனான் மாஸ்டர். நீங்கள் தலையாட்டினீங்கள். படிச்ச மனுசன், பொய் சொல்லமாட்டார் எண்டு தெரியும். அப்ப... நான்தான் நாள் மாறி வந்திட்டனோ எண்டு யோசிச்சன்." ஊசி நின்றது. "இப்பவும் சிலநேரம் தெரியுது. காலமை வெயில். அந்தக் குளக்கட்டிலை சைக்கிள் உழக்கிக்கொண்டு போறன். கோயிலுக்குக் கிட்டப் போறன்... பிறகு தெரியேல்லை."

கையை முறித்தது ஊர். அந்த மனிதரின் தலைக்குள் இல்லாத ஒரு வெள்ளிக்கிழமையைக் கொண்டுபோய் வைத்தது நான்.

"நீங்கள் வரேல்லை" என்று மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் மரியாதைக்குத் தலையாட்டினார் — நம்பவில்லை.