சுறா எண்ணெய் பூசிய ஜீப் வேகன்

பதறுவதில் எனக்கு நல்ல கைராசி உண்டு. எந்தக் காரியத்தைத் தொட்டாலும் முதலில் பதற்றம்தான் விளையும்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலம். எனக்கு அங்கே ஒரு கருப்பட்டி மண்டி இருந்தது. சரக்கு முழுவதும் தேரிக்காட்டுக்குள் இருக்கும் ஒரே ஊரிலிருந்து வந்தது. அந்தச் சிவப்பு மணலில் கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். மாட்டுவண்டி தட்டுத்தடுமாறி வெளியே வருவதற்குள் பாதிக் கருப்பட்டி இளகிவிடும். பனையேறிகள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள். உடன்குடிக்காரர் ஒருவர் டிராக்டரோடு வாசலுக்கே வருவதாகச் சொல்கிறாராம். இந்த வருஷம் பதனீர் இறங்குவதற்குள் நானும் வாசலுக்கு வந்தால் சரக்கு எனக்கு, இல்லாவிட்டால் அவருக்கு. அந்த ஊர் கைவிட்டுப் போனால் மண்டியில் மிஞ்சுவது தராசும் நானும்தான்.

தருவைகுளத்தில் ஒரு ஜீப் வேகன் விலைக்கு வருகிறது என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன். மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது, நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். வைத்திருந்தவர் ஒரு வள்ளக்காரர். வள்ளத்தைக் கயிறு கட்டிக் கரையேற்றுவதற்காக வாங்கினாராம். இப்போது எஞ்சின் வைத்த பெரிய லாஞ்சி வாங்கிவிட்டார். அது தண்ணீரிலேயே கிடக்கும், கரைக்கு இழுக்கிற வேலை இல்லை.

போவதற்கு முன் மூன்று பேரிடம் யோசனை கேட்டேன். அதுதான் என் முதல் தப்பு. ஒருவர் புகையைப் பார்க்கச் சொன்னார். இன்னொருவர் புகையை நம்பவே கூடாது, சத்தத்தைக் கேள் என்றார். மூன்றாமவர், கடற்கரை வண்டியைத் தொடவே தொடாதே, உப்புக்காற்று அடியில் தின்றிருக்கும், தொட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் அடியில் படுத்துப் பார் என்றார். வெறுங்கையோடு போகக்கூடாதே என்று ஓர் ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டியும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

வள்ளக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். வாங்க அண்ணாச்சி என்று கூப்பிட்டார். பெட்டியை அவரிடம் கொடுப்பதற்குக்கூட நிதானமில்லை. வேகனுக்குள் பின்பக்கம் அதை வைத்துவிட்டு, நேராக அடியில் போய்ப் படுத்தேன். சாவியால் சுரண்டினேன். துரு இல்லை. இன்னும் கொஞ்சம் சுரண்டினேன். கறுப்பாக, கெட்டியாக, பிசின் மாதிரி ஏதோ கைநிறைய வந்தது. அதோடு ஒரு நாற்றமும் வந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“சுறா எண்ணெயி” என்றார் அவர், என் காலைப் பார்த்துக் குனிந்துகொண்டே. “வள்ளத்துக்குப் பூசுறப்ப இதுக்கும் ரெண்டு கை பூசிருவோம். துரு எங்கன இருந்து வரும்?”

இந்தக் கரையில் மரத்துக்குச் செய்கிற மரியாதையை இரும்புக்கும் செய்திருக்கிறார். அந்த எண்ணெயால்தான் வண்டி பிழைத்திருந்தது. அதே எண்ணெயால் நான் சாக வேண்டியதுதான். கருப்பட்டி மாதிரி வாசம் பிடிக்கிற சரக்கு கிடையாது. மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் ஒரு பொழுது வைத்தால் மாடு கூடத் தின்னாது. சுறா வாசம் அடிக்கும் காப்பியை யார் குடிப்பார்கள்? இந்த வண்டியை வாங்கினால் ஊருக்குள் போகலாம், கொண்டுவருகிற சரக்கை விற்க முடியாது. வாங்காவிட்டால் சரக்கே இல்லை.

இந்தக் குழப்பத்தோடுதான் ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த வண்டிகளில் கியர் ஸ்டியரிங்கின் பக்கத்தில் இருக்கும். இதில் தரையிலிருந்து மூன்று கம்பிகள் முளைத்திருந்தன. பெரியது கியர். சின்னது இரண்டில் ஒன்று முன்சக்கரத்தைச் சேர்ப்பதற்கு, மற்றது இழுவையைக் கூட்டுவதற்கு. அவர் நிதானமாகச் சொன்னார். நான் நிதானமாக மறந்தேன். கடற்கரை மணலில் இறங்கியதும் சக்கரம் சுற்றியது, வண்டி புதைந்தது. கையில் அகப்பட்ட கம்பியை இழுத்தேன். எஞ்சின் கத்தியது, ஆனால் இப்போது சக்கரமே சுற்றவில்லை. ஏதோ ஒடிந்துவிட்டது என்று முடிவு கட்டி, கதவைத் திறந்து குதித்து, பத்தடி தள்ளிப் போய் நின்றேன். எதற்கு ஓடினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வள்ளக்காரர் இறங்கவில்லை. என் இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, நான் நடுவில் நிறுத்தியிருந்த கம்பியை முழுதாகத் தள்ளினார். வேகன் உறுமிக்கொண்டு மணலிலிருந்து ஏறி என் பக்கத்தில் வந்து நின்றது.

“ஏறுங்க அண்ணாச்சி. அது கடிக்காது.”

வண்டி இழுக்கும் என்பது தெரிந்துவிட்டது. வாசம்தான் பாக்கி. கருப்பட்டியில் அது ஏறுகிறதா என்று பார்க்க, பெட்டியை உள்ளேயே வைத்து வேகனின் கதவை மூடி மத்தியானம் வரை வெயிலில் விட்டு, பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டேன். அன்பளிப்பாகக் கொண்டுபோனதை நானே திரும்பத் தூக்கிக்கொண்டு வருவதற்கு என்ன சமாதானம் சொன்னேன் என்பதை இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாளைக்குத் திருச்செந்தூரிலிருந்து ஒரு ஆள் பார்க்க வாரான் என்றார் அவர்.

மண்டியும் வீடும் ஒரே கட்டடம். முன்னறையில் உட்கார்ந்து பெட்டியிலிருந்து ஒரு கருப்பட்டியை எடுத்து உடைத்து மோந்தேன். சுறா. இன்னொன்று. சுறா. ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று மண்டிச் சரக்கிலிருந்து ஒன்றை எடுத்தேன். அதிலும் சுறா. அடுத்த மூட்டையைப் பிரித்தேன், அதற்கடுத்ததையும் பிரித்தேன். வண்டியை இன்னும் வாங்கவே இல்லை, அதற்குள் மண்டி முழுக்க நாறிவிட்டது. பிரித்த மூட்டைகளுக்கு நடுவே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

என் மனைவி வந்து வாசலிலேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

“ஏளா, உனக்கும் அடிக்கா? கருப்பட்டி அம்புட்டும் போச்சு” என்றேன்.

“கருப்பட்டியில ஒண்ணும் இல்ல. உங்க மேலதான் அடிக்கி. எந்த மீனுக்கு அடியில போய்ப் படுத்திய?”

கையை விரித்துப் பார்த்தேன். முழங்கை வரை கறுப்பாக இருந்தது. எதையும் தொடாமல் கிணற்றடிக்குப் போகச் சொன்னாள். நான் சீயக்காய் போட்டு இரண்டு தடவை குளித்து வருவதற்குள், பெட்டியின் அடியில் நான் தொடாமல் கிடந்த ஒன்றை எடுத்துக் காப்பி போட்டிருந்தாள். தன் டம்ளரில் பாதியைக் குடித்து, கொஞ்சம் யோசித்து, மீதியையும் குடித்தாள்.

“நல்லாத்தான இருக்கு. எண்ணெயி வண்டிக்கு அடியிலதான? நம்ம சரக்கு மேலதான வரும்?”

நானும் குடிக்கட்டுமா என்று கேட்டேன்.

“நீங்க குடிக்காதிய. குடிச்சா மறுபடியும் குழம்பிருவிய. விடிஞ்சதும் போய் முடிச்சிட்டு வாங்க.”

போய் முடித்தேன். திருச்செந்தூர்க்காரர் வருவதற்கு முன்பே வண்டியைக் கிளப்பிவிட்டேன் என்பதில் கொஞ்சம் பெருமை. கிளப்பியதும் இரண்டு தடவை நின்றுபோனதில் அந்தப் பெருமை குறைந்தது.

பதனீர் இறங்கிய முதல் வாரம் தேரிக்குள் போனேன். அன்று கம்பிகள் மூன்றையும் நான் சரியாகப் பிடித்தேனா, இல்லை அவையே சரியாக விழுந்தனவா, தெரியாது. வேகன் மணலில் தவழ்ந்து தவழ்ந்து முதல் குடிசை வாசலில் போய் நின்றது. பனையேறிகள் வந்தார்கள். யாரும் வண்டியைப் பாராட்டவில்லை. கருப்பட்டிப் பெட்டிகளைக் கொண்டுவந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். பின்பக்கம் நிறைந்ததும், எனக்கு ஆள் விட்டுச் சொல்லியனுப்பிய பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“நாளைக்கும் வருவியளா அண்ணாச்சி?”

“வராம?” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வீட்டுப் பெட்டிகளையும் நாளைக்கு எடுத்து வைக்கும்படி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். பின்பக்கமாக எடுத்து வண்டியைத் திருப்புவது எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அதை அவரிடம் கேட்க முடியாதே, அதனால் எல்லாரும் வீட்டுக்குள் போகும்வரை ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.