உப்பளத்துக்காரர்கள் கேட்ட கேள்வி

எங்கள் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்தின் கடைசி வாய்மொழிப் பரீட்சை மூடிய அறைக்குள் நடப்பதில்லை. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். விதி அப்படி. வழக்கமாக வருகிறவர்கள் எங்கள் துறை மாணவர்களும், கடைசியில் தருகிற சமோசாவுக்காகப் பக்கத்துத் துறை மாணவர்களும்தான்.

என் ஆராய்ச்சி, கடல் உப்பில் கலந்திருக்கும் பிளாஸ்டிக் துகள்களைப் பற்றியது. மாதிரிகளை மரக்காணத்து உப்பளங்களில் எடுத்தேன். எனக்கு ஊரே அதுதான். அம்மா அங்கே உப்பு வாரும் வேலைக்குப் போகிறாள். அவள் வேலை செய்யும் உப்பளத்தின் முதலாளி, “நம்ம ஊர்ப் பொண்ணு, எடுத்துக்கோம்மா” என்று யோசிக்காமல் அனுமதி தந்தவர்.

பரீட்சைக்குச் சில நாட்கள் இருக்கையில் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

“என்னாடி எழுதி வச்சிருக்கே? நம்ம உப்பு வெஷம்னு வாட்சப்புல சுத்துது. முதலாளி கேக்குறாரு, நான் இன்னா சொல்றது?”

துறையின் அழைப்பிதழை யாரோ படம் பிடித்து, ‘மரக்காணம் உப்பு விஷம், பல்கலைக்கழகம் கண்டுபிடிப்பு’ என்று மேலே எழுதிப் பரப்பியிருந்தார்கள். விஷம் என்ற சொல் என் ஆய்வேட்டில் ஓரிடத்திலும் இல்லை. ஆனால் தலைப்பில் ஊர்ப் பெயர் இருந்தது. அடுத்த நாளே லாரிக்காரர்கள் விலையைக் குறைத்துக் கேட்டார்களாம். அதற்கும் அடுத்த நாள், வேலைக்கு வர வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்.

முதலாளிக்குப் போன் போட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை. ஊர்ப் பெயரையாவது நீக்கிவிடலாமா என்று என் வழிகாட்டிப் பேராசிரியையிடம் கேட்டேன்.

“இனி ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது. நீ பாத்தது அந்த ஊர்லதானே? பாத்ததை மட்டும் பேசு” என்றார்.

சொல்வது அவருக்குச் சுலபம். விடுதி அறையில் ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் ‘மரக்காணம்’ என்று வரும் இடத்தில் நாக்கு நின்றது.

பரீட்சை அன்று காலை, கருத்தரங்கு அறையில் படங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வாசல் காவலாளி கூப்பிட்டார். “உங்க ஊர்க்காரங்களாம். வேன்ல வந்துருக்காங்க. உள்ள விடலாமாங்க?”

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவர்கள் அங்கேயே நின்றிருப்பார்கள். “விடுங்கண்ணா” என்றேன்.

முதலாளி வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்தார். கூடவே வேறு சில உப்பளக்காரர்கள். கடைசியாக அம்மா வந்தாள். அவளையும் அதே வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். யாரோடும் சேராமல், சுவரோரம் தனி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆங்கிலத்தில் கேட்டவற்றுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று இன்றுவரை நினைவில்லை. பிறகு அவர் பார்வையாளர்கள் பக்கம் திரும்பி, யாருக்காவது கேள்வி உண்டா என்றார். முதலாளி எழுந்தார்.

“இங்கிலீசு எனக்குப் புரியலங்க. தமிழ்ல கேக்கறேன். ஏம்மா, எங்க உப்பத் திங்கலாமா, கூடாதா?”

மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

“உப்புல பிளாஸ்டிக் தூள் இருக்குதுங்க. அதைப் பாத்தேன். அது உடம்பை என்ன பண்ணும்னு நான் ஆராயல. அதனால திங்கக் கூடாதுன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல.”

“வெஷம்னு நீ சொல்லல?”

“சொல்லல. ஆனா ஒண்ணுமே இல்லன்னும் சொல்ல மாட்டேங்க.”

“எங்கேர்ந்து வருது அது?”

“கடல் தண்ணியிலயே வருது. ஓடையில வர்ற குப்பையும் சேருது. குவியல் மேல போடுற தார்ப்பாய் வெயில்ல பொடிஞ்சும் விழுது.”

பின்னாலிருந்து இன்னொருவர் கத்தினார்: “இத வெளிய சொன்னா எவன் வாங்குவான்? எங்க பொழப்புக்கு யாரு பதில் சொல்றது?”

அது ஆய்வுக்கு வெளியே உள்ள கேள்வி என்று தேர்வாளர் தமிழில் கனிவாகச் சொன்னார். அங்கே கேட்கப்பட்டதில் முக்கியமான கேள்வி அதுதான் என்று எனக்குத் தெரியும்.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள். மாணவர்கள் கை தட்டினார்கள். அம்மா முதலாளியின் முதுகைப் பார்த்தாள். பிறகு அவளும் தட்டினாள்.

வெளியே முதலாளி என்னிடம் வந்து செல்போனைக் காட்டினார். “வெஷம்னு சொல்லலன்னியே, அத வீடியோ எடுத்து வச்சிருக்கேன். லாரிக்காரனுக்குப் போட்டுக் காட்டணும்.” அம்மா வேலையைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்தினாள். “நீ கேக்காத. நான் பாத்துக்கறேன்.”

அந்த வாரத்திலேயே அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். விலை மட்டும் அந்தப் பருவம் முழுக்க ஏறவில்லை. என்னாலா, மழை இல்லாமல் உப்பு அதிகம் விளைந்ததாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நானும் அதைக் கண்டுபிடிக்க முயலவில்லை, பயம்தான். குவியல்களை இப்போது கீற்று போட்டு மூடுகிறார்கள் என்று அம்மா சொன்னாள்.

அடுத்த ஆண்டு எங்கள் துறையிலிருந்து ஒரு மாணவி மாதிரி எடுக்க அங்கே போனாள். முதலாளி அவளுக்கு மோர் கொடுத்து உட்கார வைத்து, “வேற ஊரு பாரும்மா” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாகவும் இருந்தது, கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.