கழற்றாத மாலை

தொண்ணூறுகளில் நான் ஆக்லாந்தில் டாக்சி ஓட்டினேன். யாழ்ப்பாணத்தில் கணித ஆசிரியராக இருந்தவன். அந்தச் சான்றிதழ் இங்கே எடுபடவில்லை. மங்கரே விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் உலகத்தின் மீது எரிச்சலாக வரும்.

அப்படி ஓர் எரிச்சலான நாளில்தான் அவர் என் வண்டிக்கு வந்தார். பசிபிக்கில் ஒரு சின்னஞ்சிறு நாட்டின் பிரதமர். சொந்தப் பயணமாம், மகளைப் பார்க்க ஹில்ஸ்பரோவுக்குப் போக வேண்டும் என்றார். வழியனுப்பியவர்கள் போட்ட மாலைகள் காதுவரை ஏறியிருந்தன. பிரதமருக்கு மாலையைக் கழற்றக்கூட மனமில்லை, எவ்வளவு தலைக்கனம் என்று நினைத்தேன். அவரோ அதில் ஒன்றை எடுத்து என் கழுத்தில் போட்டார். நான் கைகூப்பிவிட்டு, நம் வழக்கப்படி உடனே கழற்றி முன் இருக்கையில் வைத்தேன். வீடு வரும்வரை அவர் முகத்தைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

அவர் இறங்கியபோது, முன் இருக்கையில் கிடந்த மாலையைக் கண்ட அவருடைய மகள்தான் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள். போட்டவரின் கண்முன்னே மாலையைக் கழற்றினால், அவர்கள் ஊரில் அது முகத்தில் அடித்த மாதிரியாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மூன்று நாள் கழித்து அவரைத் திரும்ப விமான நிலையத்துக்குக் கொண்டுபோனபோது மன்னிப்புக் கேட்டேன். மாலையோடு உட்கார்ந்திருப்பவனை எங்கள் ஊரில் பெருமைக்காரன் என்பார்கள், அதனால்தான் கழற்றினேன் என்றேன்.

"அப்படியானால் உங்கள் தலைவர்கள் எல்லாம் அடக்கமானவர்களா?"

"மாலையை உடனே விடுவார்கள். நாற்காலியைத்தான் விடமாட்டார்கள்."

வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு, அந்நியனிடம் சொல்வது சுலபம் என்பதாலோ என்னவோ, தன் கதையைச் சொன்னார். அவரும் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர்கள் பாராளுமன்றம் முழுவதையும் ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அதில் ஒரே ஒரு ஓட்டில் அவருடைய ஆட்சி நின்றது. அடுத்த வாரம் நம்பிக்கையில்லாத் தீர்மானம். சொந்தக் கட்சிக்காரன் ஒருவன் மந்திரி பதவி கேட்கிறான், கொடுக்காவிட்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். "கை சுத்தமில்லாதவன். ஆனால் அவன் போனால் என் இருபது வருட உழைப்பும் போகும்" என்றார். என்ன செய்யப்போகிறார் என்று சொல்லவில்லை.

அடுத்த வாரம், தீர்மானம் நிறைவேறி ஆட்சி கவிழ்ந்தது என்று வானொலியில் ஒரே வரியில் சொன்னார்கள். அந்த ஆளுக்கு அவர் பதவி கொடுக்கவில்லை என்று புரிந்துகொண்டேன்.

அதற்கடுத்த வாரம் அவருடைய மகள் போன் செய்து, அப்பா வருகிறார், கூட்டிவர முடியுமா என்று கேட்டாள். மவுண்ட் ரோஸ்கில்லில் இருந்த எங்கள் வீட்டின் பின்புறம் என் மனைவி செவ்வந்தி வளர்த்திருந்தாள். நான் புறப்படும்போது பார்த்தால் ஒரு மாலை தயாராக இருந்தது.

"தோத்துப்போய் வாற மனுசனிட்ட வெறுங்கையோட போறதோ?" என்றாள்.

இந்த முறை அவர் கழுத்தில் ஒரு பூகூட இல்லை. பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தார். மாலையைப் போட்டேன். கைகூப்பினார், உடனே கழற்றப் போனார்.

"உங்கள் வழக்கம் இதுதானே?"

"இன்றைக்கு உங்கள் வழக்கப்படி இருக்கட்டும், சேர்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஹில்ஸ்பரோவில் பேத்தி வாசலுக்கு ஓடிவந்தாள். மாலையைக் கண்டதும், "தாத்தா, வென்றுவிட்டீர்களா?" என்று கத்தினாள்.

நான் பெட்டியோடு பக்கத்தில் நின்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"இல்லையம்மா, தோற்றுவிட்டேன்" என்றார். மாலையைக் கழற்றாமலே உள்ளே போனார்.