மோட்டார் சைக்கிள் நம்பரும் பத்தாயிரம் குலுக்கலும்

இன்று பிரிக்பீல்ட்ஸ் புள்ளியியல் வகுப்பில், நிகழ்தகவை விளக்க நாலு நம்பர் லாட்டரிக் குலுக்கலைக் கணினியில் பொய்யாக நடத்திக் காட்டினேன்.

காப்பாரிலிருந்து படிக்க வரும் கமலா அக்கா, தன் கணவர் வாரம் தவறாமல் எடுக்கும் மோட்டார் சைக்கிள் நம்பரைத் தட்டினார்.

பத்தாயிரம் குலுக்கலில் ஒரே ஒரு முறைதான் முதல் பரிசு விழுந்தது.

"இத அவருகிட்ட காட்டணும் லா சார். நான் சொன்னா கேக்க மாட்டாரு, கம்ப்யூட்டர் சொன்னா கேப்பாரு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சாயங்காலம் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்: "காட்டிட்டேன் சார். ‘விழுந்துச்சுல்ல! எத்தனாவது குலுக்கல்னு ஒங்க சார கேளு’ங்கிறாரு."

தேடிப் பார்த்தேன். எட்டாயிரத்துச் சொச்சம். வாரம் ஒரு குலுக்கல் என்றால் நூற்றைம்பது வருடத்துக்கு மேல்.

சொல்லலாமா, மக்களே? அண்ணன் காத்திருப்பாரோ என்றுதான் பயமாக இருக்கிறது.