கபூர் முதலாளியின் புதிய பழைய வீடு

இன்று கல்முனையில் கபூர் முதலாளியின் ஹோட்டலில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். அங்கே இஞ்சி தாராளமாகப் போடுவார்கள், அதை விடுங்கள்.

கல்லோயா அணைக்கட்டு வேலைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் தங்குவதற்கென்று, ஹோட்டலுக்குப் பின்னால் அந்தக் காலத்தில் வயல்காணி நிறைய வைத்திருந்த போடியார்மாரின் வீடு ஒன்றை அச்சொட்டாகக் கட்டியிருக்கிறார் முதலாளி. பழசாகத் தெரியட்டும் என்று புதுச்சுவரில் கரியும் பூசியிருக்கிறார்.

அந்த நேரம் அவருடைய ஒரே மகளுக்குச் சம்பந்தம் பேச, அக்கரைப்பற்றிலிருந்து மாப்பிள்ளையின் மாமி வந்திறங்கினார். நேரே போய் அந்தச் சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"ஊடு நல்லாரிக்கி முதலாளி. சீதன ஊட்டுக்கு ஏன் கரி பூசின?"

"இது சீதன ஊடு இல்ல ராத்தா, வாடகைக்குக் கட்டின."

"ஊட்டுல கொமர்ப் புள்ள இரிக்கக்க வாடகைக்கு ஆரு ஊடு கட்டுற?"

அங்கே வாடகைக்கு இருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர், இடுப்பில் கட்டிய சாரத்தோடு உள்ளேயிருந்து கொட்டாவி விட்டபடி வந்து வாசலில் நின்றார். எங்கள் பக்கம் கல்யாணம் முடித்தவன் பெண் வீட்டில்தானே இருப்பான்.

மாமி முக்காட்டை இழுத்துவிட்டார். "அப்ப மகளுக்கு முடிஞ்சிட்டா?"

முதலாளிக்கு வேர்த்துவிட்டது. "இல்ல ராத்தா, இவரு நாளைக்குப் போற. ஓம், ஊடு மகளுக்குத்தான்."

மாமி சந்தோசமாகப் பஸ் ஏறிவிட்டார்.

வெள்ளைக்காரருக்கு வீடு நன்றாகப் பிடித்துவிட்டதாம், பெண்சாதியையும் வரச்சொல்லியிருக்கிறாராம். கிளம்பச் சொல்ல முதலாளிக்கு இங்கிலீஷ் வராது, எனக்கும் வராது. உங்களில் யாருக்காவது வருமா?