திருக்கையும் சங்கும் ஒரே குவியலில்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தப்பு செய்தவள் நான்தான்.

கீரமங்கலத்துப் பக்கம் பிறந்தவள் நான். மல்லிகைக்கும் முல்லைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மீனைக் குழம்பில் மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் மீமிசலுக்குப் பக்கத்தில், கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளுக்கும் ஒரே அறை. யார் எவ்வளவு வாசிக்கிறார்கள் என்று பார்த்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என மூன்று வரிசையாக உட்காரவைத்துப் பாடம் நடத்த வேண்டும். அரும்பு என்றால் இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகள்.

அந்த அரும்பு வரிசையில், ஒன்றாம் வகுப்புப் பொடிசுகளுக்கு நடுவில், மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். எழுத்தட்டையைக் காட்டிக் கேட்டால் குனிந்துகொண்டு பாயின் கோரையைப் பிய்ப்பாள். ஒன்றரை வருஷம் பார்த்தேன். பிறகு தலைமையாசிரியரிடம் நானே போய், வட்டாரத்தில் நடக்கும் மனவளர்ச்சிப் பரிசோதனை முகாமுக்கு அவளை அனுப்பலாம் என்று சொன்னேன். படிவத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அது போக வேண்டும். அந்த முகாமைக் குறை சொல்ல மாட்டேன், தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆனால் நான் கையெழுத்துப் போட்டது தேவை பார்த்து அல்ல, பொறுமை தீர்ந்துபோய்.

அந்த மாதத்துத் தலைப்பு 'கடல்'. பாட்டு, கணக்கு, படம் எல்லாமே கடலைச் சுற்றித்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒன்பது அட்டைகளில் படம் வரைந்து வண்ணம் தீட்டினேன். நண்டு, திருக்கை, சங்கு, இறால், கணவாய், காரல், சூடை, மத்தி, வாளை. திங்கட்கிழமை அவற்றைக் கொடுத்துப் பெரியது, நடுத்தரம், சின்னது என்று மூன்று குவியலாகப் பிரிக்கச் சொன்னேன். எல்லோரும் பிரித்தார்கள். அவள் முறை வந்தது. முறம் அகலத்துக்கு நான் வரைந்திருந்த திருக்கையையும் உள்ளங்கை அளவு சங்கையும் நண்டோடு சேர்த்து ஒரே குவியலில் வைத்தாள்.

"ஒனக்குப் பெருசு, சின்னது கூடவா தெரியாது? ஒண்ணாப்புப் புள்ள வைக்குது, ஒனக்கு என்ன கேடு?" என்று கத்திவிட்டேன். வகுப்பு சிரித்தது. அவள் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். மறுநாள் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை.

புதன்கிழமை மதியம் அவளுடைய அம்மா வந்தார். கரையில் வலையிலிருந்து மீன் எடுத்துப் பிரிக்கிற வேலை அவருக்கு. கையில் செதில் காய்ந்திருந்தது.

"புள்ள வரமாட்டேங்குது டீச்சர். ஏதோ பேப்பர் எழுதி அனுப்பப் போறீங்களாம்ல? புத்தி சரியில்லன்னு எழுதிட்டீங்கன்னா, அந்தப் பேரு அவளுக்குச் சாகுற வரைக்கும் போகாதுங்க. அவ தப்பா வைக்கலன்னு ரெண்டு நாளா அழுவுறா."

எனக்குச் சுருக்கென்று வந்தது. "பின்ன என்னங்க? திருக்கையையும் சங்கையும் ஒண்ணா வச்சா சரின்னு சொல்லணுமா?"

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "ரெண்டும் நண்டு வலையிலதான வரும்?"

அப்போதுதான் விளங்கியது. அவள் பிரித்தது வலை வாரியாக. மற்ற இரண்டு குவியல்களையும் நினைத்துப் பார்த்து அவரிடமே கேட்டேன். இறால், கணவாய், காரல் இறால் வலை. சூடையும் மத்தியும் சூடை வலை. வாளையை அவள் எங்கேயும் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள், அதற்கு வலை வேறாம். ஒன்பதும் சரி. வெட்கமாக இருந்தது. படித்துப் பட்டம் வாங்கிய எனக்கு, ஏன் இப்படி வைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துக் கரைக்குப் போனேன். அவள் அம்மாவோடு உட்கார்ந்து வலையிலிருந்து நண்டைக் கால் முறியாமல் எடுத்துக்கொண்டிருந்தாள். வாய் ஓயவில்லை. அந்தப் படகு ஏன் இன்னும் வரவில்லை, இந்த வலை எங்கே கிழிந்தது என்று பொரிந்து தள்ளினாள். வகுப்பில் ஊமையாக இருந்தது இவள்தானா என்று நின்றுவிட்டேன். என்னைப் பார்த்ததும் கப்சிப்.

"நாளைக்கு வா. வலையைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியல, நீதான் சொல்லித் தரணும்" என்றேன். அவள் குனிந்து அடுத்த நண்டை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை, கரையில் கேட்டு வாங்கி வந்த நண்டு, இறால், சூடை வலைகளின் பழைய துண்டுகள் மூன்றைச் சன்னல் கம்பிகளில் கட்டினேன். படங்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் பெயர்களை மட்டும் அட்டைகளில் எழுதினேன். வாசித்து, எந்த வலையோ அதில் செருக வேண்டும். பத்து மணிக்கு வாசலில் வந்து நின்றாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தமாதிரி இருந்தது.

அதே நேரம் தலைமையாசிரியரும் படிவத்தோடு வந்து சேர்ந்தார். கடல் பக்கமே இல்லாத திருக்கோகர்ணத்திலிருந்து தினமும் பஸ் மாறி வருகிறவர். வலை நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன டீச்சர், கடையா போட்டிருக்கீங்க?" என்றார்.

அவளிடம் முதல் அட்டையைக் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தாள். உதடு அசைந்தது. "நண்டு" என்றாள், யாருக்கோ ரகசியம் சொல்வதுபோல. போய்ச் செருகினாள். அடுத்து "சூடை". "திருக்கை"யில் கொஞ்சம் திணறி, எழுத்துக்கூட்டி, பிடித்துவிட்டாள். ஒன்றரை வருஷம் நான் கத்திய எழுத்தெல்லாம் அவளுக்குள் போய்ச் சேர்ந்துதான் இருந்திருக்கிறது.

"தெரிஞ்ச மீனு பேரு, குத்துமதிப்பா சொல்லுது" என்றார் தலைமையாசிரியர். "வேற ஏதாச்சும் எழுதுங்க."

கரும்பலகையில் எழுதினேன்: 'இந்த வலையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது.'

ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். 'ஓட்டை'யில் நின்றாள். பிறகு கரும்பலகையை விட்டுவிட்டு நேராகச் சன்னலுக்குப் போனாள். மூன்று வலையையும் இழுத்துப் பார்த்து, நடுவில் இருந்ததில் விரலை விட்டுக் காட்டினாள்.

"இந்தா இங்கிட்டு இருக்கு. இதை அப்படியே விடக் கூடாது டீச்சர், கட்டணும்."

தலைமையாசிரியர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். படிவத்தை என்னிடம் நீட்டி, "கையெழுத்து ஒங்களோடது. நீங்களே கிழிங்க" என்றார். நான்காகக் கிழித்தேன். அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷத்தை எந்த விருது கொடுத்தாலும் அடைய மாட்டேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு அரும்பு வரிசையிலிருந்து எழுந்தாள். மொட்டில் உட்காருவாள் என்று பார்த்தேன். அதைத் தாண்டிப் போய் மலர் வரிசையில் உட்கார்ந்தாள். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். "இருக்கட்டும் சார், எழுப்பாதீங்க" என்றேன்.

பிள்ளைகள் விடவில்லை. டீச்சரும் ஒரு அட்டை வைக்க வேண்டும் என்று பிடிவாதம். எனக்கு வந்தது காரல். அது இறால் வலை என்று அவள் அம்மா சொன்னது மறந்துபோய், தைரியமாகச் சூடை வலையில் செருகினேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, அட்டையை உருவி என் கையில் கொடுத்தாள்.

"பரவால்ல டீச்சர். திரும்பப் பாத்து வைங்க."